விண்ணப்பப் படிவத்தில் நாம் என்ன கேட்கிறோம்?

(ஜமாஅத் கல்விக் குழு நடத்திய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'கல்வியின் அவசியம்' என்பதாகும். கல்வி அவசியம் என்பதை இந்த மஹல்லாவில் இனி ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டிய நிலை இல்லை என்று கருதுகிறேன். டேனரியில் கூலி வேலை செய்யும் தகப்பனாரும் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கும் தகப்பனாரும் தம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றுதான் இன்று விரும்புகிறார்கள். ஆகவே, தலைவர் அவர்களின் அனுமதியோடு மிகச் சிறிய பொருள் ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த பிறகு நமது அலுவலகத்தில் வழங்கப்படுகிறதே, கல்வி உதவி விண்ணப்பப் படிவம், அதுதான் அந்தப் பொருள்.

அந்தப் படிவத்தின் முதல் மூன்று பக்கங்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பெயர், தகப்பனார் பெயர், சந்தா எண், குடும்ப அட்டை எண், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவை தேவையானவைதாம். நான்காம் பக்கத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. 'தங்களின் எதிர்கால லட்சியம் யாது?' என்பது ஒன்று. 'தாங்கள் சமுதாயத்திற்கு எவ்வாறு தொண்டாற்றுவீர்கள்?' என்பது மற்றொன்று. சென்ற ஆண்டு வந்த விண்ணப்பங்களைப் படிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள். மருத்துவராகி ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்வேன், ஐ.ஏ.எஸ். அதிகாரியாகிச் சமுதாயத்தை உயர்த்துவேன். பி.காம். சேரப் போகும் மாணவர்கூட மருத்துவராவேன் என்று எழுதியிருந்தார்! பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. பெரியவர்களுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பதைக் கேள்வியே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. எதைக் கேட்டோமோ அதைத்தான் அவர்கள் தந்திருக்கிறார்கள்.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது ஜகாத் நிதியிலிருந்து வழங்கப்படும் உதவியைப் பற்றி அல்ல. ஜகாத் தேவையுடையோரின் உரிமை. பீஸ் கட்ட இயலாத பிள்ளை, கட்டுரை எழுதிக் காட்டித் தன் உரிமையைப் பெற வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே வருமானமும் தேவையும் மட்டுமே பார்க்கப்பட வேண்டும். பொது நன்கொடையிலிருந்து சில மாணவர்களுக்கு மட்டும் படிப்பு முடியும் வரை வழங்குகிறோமே, அந்தச் சில இடங்களைப் பற்றியே என் பேச்சு. 2022-23 கல்வியாண்டு முதல் மத்திய அரசின் சிறுபான்மையினர் பள்ளி உதவித்தொகை ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளோடு நிறுத்தப்பட்டது. மௌலானா ஆசாத் பெயரிலான ஆராய்ச்சி உதவித்தொகையைக் கைவிடும் முடிவும் அதே 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே நம் கதவைத் தட்டும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் நிற்கும் பலரிலிருந்து சிலரை எடுக்க வேண்டியிருக்கிறது. எதைக் கொண்டு எடுப்பது?

இந்த இடத்தில் நம் நாட்டில் நடந்த ஒரு தேர்வு நினைவுக்கு வருகிறது. அதில் படிவமும் இல்லை, மதிப்பெண்ணும் பார்க்கப்படவில்லை. கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களின் பெயரை அறியாதார் இல்லை. ஆனால் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் என்பதையும், பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி பெறாதவர் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். நமது படிவத்தை அவர் பூர்த்தி செய்து கொடுத்திருந்தால், மூன்றாம் பக்கத்திலேயே, மதிப்பெண் பகுதியிலேயே நாம் நிராகரித்திருப்போம்.

1910-இல் அவர் நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் அவர்களைச் சந்திக்கச் சென்றார். ராவ் கணிதத்தில் ஈடுபாடு உடையவர். அவரே பிற்காலத்தில் அந்தச் சந்திப்பை எழுதி வைத்திருக்கிறார். வந்த இளைஞர் தம் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து விளக்கினார். கலெக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அத்துடன் அனுப்பிவிடவில்லை, மறுபடியும் வரச் சொன்னார். இளைஞரும் கேட்பவரின் அளவைப் புரிந்துகொண்டு முதலில் எளிய முடிவுகளைக் காட்டினார். அவை விளங்கியதும் படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்றார். இறுதியில் ராவ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உமக்கு என்ன வேண்டும்? உயிர் வாழப் போதுமான சிறிய தொகை கிடைத்தால் ஆராய்ச்சியைத் தொடரலாம் என்பதே பதில். மாதம் 25 ரூபாய் ஏற்பாடாயிற்று. வேலை செய்யாமல் பணம் பெற மனம் ஒப்பாமல், 1912-இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, விதியைத் தளர்த்தி அவருக்கு மாதம் 75 ரூபாயாக வழங்கியது.

நம் மஹல்லாவில் ஒரு இராமானுஜன் ஒளிந்திருக்கிறார் என்று சொல்லி உங்களை மகிழ்விக்க இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர் நூற்றாண்டுக்கு ஒருவர். நான் சுட்டிக்காட்ட விரும்புவது கலெக்டரின் பங்கை. அவர் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லிப் பரீட்சை வைக்கவில்லை. எதில் உமக்கு ஈடுபாடோ அதைக் காட்டும் என்று இடம் கொடுத்தார். விளங்காதபோது பொறுமையாக மறுமுறையும் கேட்டார். விண்ணப்பக் கேள்வி என்பது அந்த இடத்தைக் கொடுப்பதுதான்.

இதற்கு நேர் மாறான முறையும் உலகில் உண்டு. மின்விளக்கு புகழ் தாமஸ் எடிசன், தம்மிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு ஏறத்தாழ 150 கேள்விகள் கொண்ட தாளைக் கொடுப்பார். எந்த நாட்டின் எல்லைகள் எவை, எந்தப் பொருள் எங்கே விளைகிறது, எதை யார் கண்டுபிடித்தார் என்பன போன்ற கேள்விகள். 1921-இல் அந்தத் தாள் செய்தித்தாள்களில் வெளியாகி, அமெரிக்கா முழுவதும் விவாதமாயிற்று. அந்த ஆண்டு அங்கே வந்திருந்த ஐன்ஸ்டீனிடம், அந்தத் தாளில் இருப்பதாகச் சொல்லி, ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் உடனே கிடைக்கும் தகவலை நான் மனத்தில் சுமப்பதில்லை என்ற பொருளில் அவர் பதிலளித்தார். எடிசன் அறிவாளி அல்லர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய தாள் நினைவாற்றலை அளந்தது, அறியும் ஆவலை அளக்கவில்லை. மேலும், பதில் ஒன்றே ஒன்றுதான் என்றால், கேள்வி வெளியான மறுநாளே அது செத்துவிடுகிறது.

பதில் ஒன்றே ஒன்று என்றில்லாத கேள்வியும் தேய்ந்து போவது உண்டு. நம் நாட்டுக் குடிமைப் பணித் தேர்வில், முதன்மைத் தேர்வு எழுதுவோர் ஒரு விரிவான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். அதில் பொழுதுபோக்கு, ஈடுபாடு ஆகியவற்றைக் குறிப்பிட இடம் உண்டு. 2025 மதிப்பெண்களில் 275 மதிப்பெண்ணுக்குரிய நேர்முகத் தேர்வில் அதைப் பற்றியும் கேட்பார்கள். கேள்வி நல்ல நோக்கம் கொண்டதுதான். ஆனால் எந்தப் பொழுதுபோக்கை எழுதினால் எந்தக் கேள்வி வரும், அதற்கு எந்தப் பதில் என்று மாதிரி நேர்காணல் வைத்துப் பழக்கும் பயிற்சி நிலையங்கள் பெருகிவிட்டன. தலைப்பை மட்டும் கேட்டால், தலைப்பைத் தயாரித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். 'என்ன பொழுதுபோக்கு?' என்பதைவிட, 'அதில் உங்களுக்கு இன்னும் விளங்காதது எது?' என்பது கடினமான கேள்வி. செய்யாதவரால் இரண்டாவதற்குப் பதில் சொல்ல இயலாது. எனக்குத் தெரிந்தவரை நல்ல விண்ணப்பக் கேள்விக்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை.

விந்தையான கேள்விகளால் பெயர் பெற்ற கல்விக்கூடங்களும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம், புதன்கிழமையைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன என்று ஒருமுறை விண்ணப்பதாரர்களைக் கேட்டது. அத்தகைய கேள்விகளை அதன் மாணவர்களும் முன்னாள் மாணவர்களுமே ஆலோசனையாக அனுப்புகிறார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ஆல் சோல்ஸ் கல்லூரியில் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து மூன்று மணி நேரம் கட்டுரை எழுதச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்து, 2010-இல் கைவிடப்பட்டது. இவற்றைக் கேட்க இன்பமாக இருக்கிறது. ஆனால் இவற்றை அப்படியே எடுத்து வந்து நம் படிவத்தில் அச்சிடக் கூடாது என்பது என் கருத்து. வீட்டில் நூலகம் உள்ள பிள்ளைக்கும், சாப்பாட்டு மேசையில் விவாதம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அது விளையாட்டு. பேகம்பூரிலோ நாகல் நகரிலோ ஒற்றை அறை வீட்டில் படிக்கும் பெண் பிள்ளைக்கு அது மிரட்டல்.

மேலை நாட்டு விண்ணப்பங்களில் வழக்கமாகக் காணப்படும் இன்னொரு கேள்வியையும் நாம் தவிர்க்க வேண்டும். உங்கள் வாழ்வில் சந்தித்த துன்பத்தையும் அதைக் கடந்த விதத்தையும் எழுதுக என்பது அது. நம் படிவத்தைப் படிப்பவர்கள் யார்? பக்கத்துத் தெருக்காரர், சில வேளை அந்தப் பிள்ளையின் மாமாவோ சாச்சாவோ. குடும்பத்தின் மானத்தைத் தாளில் விரித்து வைத்து உதவி கேள் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது தகாது. கவலையை நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இடமும், வாய் திறவாத பிள்ளைக்கு ஏமாற்றமும் கிடைக்கும் என்பது வேறு.

சரி, எதைக் கேட்கலாம்? இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 1993 முதல் நம் நாட்டில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடைபெற்று வருகிறது. தமிழகத்தில் அதன் பின்னணியில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் உழைப்பு உண்டு. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, பொதுத் தலைப்பு ஒன்றின் கீழ், தம் ஊரிலேயே உள்ள ஒரு சிக்கலைத் தாங்களே தெரிவு செய்து, அளந்து, விசாரித்து, தமிழிலேயே அறிக்கை எழுதி மாவட்ட அளவில் சமர்ப்பிக்கிறார்கள். விலை உயர்ந்த கருவியைக் காட்டுவது அங்கே நோக்கம் அன்று. உள்ளூரைக் கவனித்ததும், கவனித்ததிலிருந்து கேள்வி எழுப்பியதும்தான் சரக்கு. அரசுப் பள்ளிக் கிராமத்துப் பிள்ளைகள் அதில் தலைநிமிர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம். ஊர் எல்லோருக்கும் பொதுவான பாடப்புத்தகம் அல்லவா?

அதை மனத்தில் கொண்டு மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன்.

முதலாவது: பாடத்திலோ தேர்விலோ இல்லாத எந்த ஒன்றை அறிந்துகொள்ள நீங்களாகவே முயன்றீர்கள்? என்ன செய்தீர்கள்? எது விளங்கியது, எது இன்னும் விளங்கவில்லை? நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்த்த பிள்ளை எத்தனை பேர்? சாவியின் பற்கள் உள்ளே உள்ள நெம்புத் தகடுகளை வெவ்வேறு அளவுக்குத் தூக்குகின்றன என்பதையும், எல்லாத் தகடுகளும் சரியான உயரத்தில் வந்து நின்றால்தான் தாழ் நகர்கிறது என்பதையும் ஒரு பையன் தானாகக் கண்டறிந்து எழுதி, 'ஆனால் வாப்பா சாவியின் பல்லைக் கண்ணளவிலேயே எப்படி அராவுகிறார் என்பது எனக்குப் புரியவில்லை' என்று முடிப்பானேயானால், அவனுடைய கணித மதிப்பெண் நான்கு குறைந்திருந்தாலும் நான் அவனை உட்காரவைத்துப் பேசுவேன். சமையல், தையல், கைப்பேசி பழுது பார்த்தல், புறா வளர்ப்பு எதுவானாலும் ஆகட்டும்.

இரண்டாவது: உங்கள் வீட்டிலோ தெருவிலோ கடையிலோ அன்றாடம் நடக்கும் ஒன்றை ஒரு வாரம் கவனித்து, கண்டதை எழுதுக. இந்தக் கேள்விக்குக் காசு வேண்டாம், பயணம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். நம் பகுதியில் பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிப்பது நமக்கெல்லாம் பழகிவிட்டது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வருகிறது, டேனரியில் முதல் வேலையே அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவதுதான், கழுவிய நீர் எங்கே போகிறது என்று நூல் பிடித்துப் போகும் பிள்ளை தன் தகப்பனாரின் பிழைப்பையே ஆராய்கிறது. அது எளிதான காரியம் அன்று. அதைப் படிப்பது நமக்கும் எளிதாக இராது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று ஏன் என்று கேட்பவரும் இருக்கலாம். குழாயில் வரும் ஆத்தூர் அணைத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை நிமிடம் வருகிறது என்று குறித்து வைப்பவரும் இருக்கலாம். பிரியாணி தேக்சாவில் சீரகச் சம்பாவுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதில் உம்மாவும் பெரியம்மாவும் ஏன் வேறுபடுகிறார்கள் என்று எழுதினாலும் நான் ஆவலோடு படிப்பேன். பசி நேரத்தில் படிக்க நேராதிருக்க வேண்டும்.

மூன்றாவது: எங்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கல்வி, ஊர், ஜமாஅத், உலகம், எதைப் பற்றியும் கேட்கலாம். இராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு வினா விடுத்தார்; மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பாததால் தாமே அதை வெளியிட்டார். ஒருவர் எவ்வளவு தூரம் சிந்தித்திருக்கிறார் என்பது அவருடைய பதிலைவிடக் கேள்வியில் பல நேரம் நன்றாகத் தெரியும்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழுவது இயல்பு. நிர்வாகக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: 'மதிப்பெண் என்றால் எவரும் விரல் நீட்ட முடியாது. கட்டுரை என்று வந்துவிட்டால் சிபாரிசு நுழைந்துவிடுமே?' நியாயமான அச்சம். முழுமையாக நீங்கக் கூடியதும் அன்று. ஆயினும் குறைக்க வழி உண்டு. ஒரு குறைந்தபட்ச மதிப்பெண்ணை எல்லையாக வைத்துக்கொள்வோம். பெயர் உள்ள பக்கத்தைக் கிழித்து எடுத்துவிட்டு, எண் மட்டும் இட்டு, இருவர் தனித்தனியாகப் படிக்கட்டும். அவர்களில் ஒருவர் பெண் ஆசிரியையாக இருப்பது அவசியம். ஒருவரேனும் வெளி மஹல்லாவைச் சேர்ந்தவராக இருந்தால் நலம். தேர்ந்ததற்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதிக் கையொப்பமிட்டு வைக்கட்டும். எழுத்துப் பிழைக்கும் கையெழுத்துக்கும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. அரபி மதரஸாவிலிருந்து வரும் மாணவருடைய தமிழ் நடை வேறாக இருக்கலாம். அதுவும் குறை ஆகாது.

இன்னொரு சிக்கல் புதியது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்ததற்குப் பிறகு, எந்தக் கேள்விக்கும் கைப்பேசியே கட்டுரை எழுதிக் கொடுக்கிறது, தமிழிலும் எழுதுகிறது. வீட்டிலிருந்து எழுதி வரும் பதிலைக் கொண்டு இனி யாரையும் அறிய முடியாது. ஆகவே கேள்விகளை ஒரு வாரம் முன்பே அறிவித்துவிடுவோம். கவனிக்க நாள் வேண்டுமே. குறிப்புகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வரட்டும். பதிலை நம் மதரஸா மண்டபத்தில் அமர்ந்து ஒரு மணி நேரத்தில் கையால் எழுதட்டும். பெண் பிள்ளைகளுக்கு நேரமும் இடமும் தனியாக வைக்கலாம். எழுதியவர்களில் சிலரை அழைத்துப் பத்து நிமிடம் பேச வேண்டும். 'விளங்கவில்லை' என்று எழுதிய இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். கூச்சத்தால் வாயடைத்து நிற்கும் பிள்ளையை, அந்த நெல்லூர் கலெக்டர் செய்தது போல, இன்னொரு நாளும் வரச் சொல்ல வேண்டும்.

எல்லா இடங்களையும் இதற்கே ஒதுக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. வரும் ஆண்டில் மூன்று இடங்களை மட்டும் ஒதுக்கிப் பாருங்கள். படிவத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நில்லாமல், மக்தப் உஸ்தாதுமார்கள் வழியாகவும் பள்ளி ஆசிரியைகள் வழியாகவும் வீடுகளுக்குச் சேர்ப்பியுங்கள். சந்தா பாக்கி உள்ள வீடுகளுக்கும் கொடுங்கள். கேள்வியைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமல் போகும் பிள்ளைகூட, நம் வீட்டுப் பூட்டைப் பற்றி எழுதலாமாம் என்று ஒரு நொடி நினைக்கும் அல்லவா?

மூன்றாவது கேள்விக்கு நாம் கட்டாயம் பதில் அனுப்ப வேண்டும். தேர்வாகாத பிள்ளைகளுக்கும் அனுப்ப வேண்டும். மார்க்கம் பற்றிய கேள்வியை இமாம் அவர்களிடமும், படிப்பு பற்றிய கேள்வியை நம் மஹல்லா ஆசிரியர்களிடமும், கணக்கு வழக்கு பற்றிய கேள்வியைப் பொருளாளரிடமும் கொடுத்துவிடலாம். நம்மில் எவருக்கும் விடை தெரியாத கேள்விகளை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடலாம். பக்கம் போதவில்லை என்றால் விளம்பரப் பக்கம் ஒன்றைக் குறைத்துக்கொள்வதில் நிர்வாகக் குழுவுக்கு ஆட்சேபணை இராது என்று நம்புகிறேன்.